பஸ்காரருக்கு நான் சொல்லிக் கொடுத்த மொழி

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் மையம் மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியில் பல் மருத்துவர். அவருடைய துளைபோடும் கருவி ஓட ஆரம்பித்தால் போதும், மேலே என் மாணவர்கள் எல்லோரும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார்கள். பேச்சு கற்றுக்கொடுக்க இப்படி ஓர் இடத்தைப் பிடித்துக் கொடுத்த புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும்.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆறு பெட்டி வந்தது. துணிப்பை, பேனா, சுவரில் ஒட்ட வண்ணத்தாள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘ஒரு நாடு, ஒரு குரல்’. பைகள் முந்நூறு. இந்த வெளிநாட்டு ஊரில் எங்கள் தேசிய மொழி படிக்க வருகிறவர்கள் பதினொரு பேர். ஆளுக்கு இருபத்தேழு கொடுத்தாலும் மூன்று மிஞ்சும்.

மேலாளர் அம்மாவுக்கு மனசுக்குள் நான் வைத்திருக்கும் பெயர் சுற்றறிக்கை. குட்மார்னிங் சொன்னாலே அதற்கொரு எண்ணும் தேதியும் இருக்கும் போலத் தோன்றும். ஆனால் இன்று மேசைக்கே வந்து சொன்னார். “சார், ஏப்ரல் இருபத்தாறு மொழி நாள். இயக்குநரே நேர்ல வர்றார். உங்க ஒப்பந்தக் கோப்பும் அவர் கையிலதான் இருக்கு. புரியுதில்ல?”

புரியாமல் என்ன. என் மூன்று வருட ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. நீட்டித்தால் மகள், எங்கள் சின்னவள், பள்ளிப்படிப்பை இங்கேயே முடிப்பாள். இல்லையென்றால் பத்தாம் வகுப்போடு மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான். நீட்டிப்பாங்க. ஏன் நீட்டிக்காம? ஒரு நாள் லீவு போட்டிருக்கேனா?

மார்ச் 6, வியாழன்

மொழி நாளில் மேடை ஏறப் போவது பஸ்காரர். சுற்றறிக்கை முடிவு செய்துவிட்டார். வேறு யாரை ஏற்றுவது? மற்ற பத்துப் பேரும் இன்னும் “என் பெயர்” தாண்டவில்லை.

பஸ்காரர் இந்த ஊர்க்காரர். முப்பத்துநான்கு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் வேறொரு நாட்டுக்கு வேலைக்குப் போய், அங்கே எங்கள் நாட்டுப் பெண்ணைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டான். அந்த மருமகளின் அம்மா எங்கள் நாட்டில் இருக்கிறார். சம்பந்தி அம்மாவோடு தன் வாயால் நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான் இவர் ஆசை. அதற்காக இரண்டரை வருடமாக மழையோ வெயிலோ ஒரு வகுப்பு விடவில்லை. மகனுக்கும் மருமகளுக்கும் மூச்சு விடவில்லை. திடீரென்று பேசி எல்லோரையும் அசத்தப் போகிறாராம்.

எங்கள் தேசிய மொழியைப் பாடப்புத்தகம் எழுந்து நடந்து வந்ததுபோல் பேசுகிறார். இன்று பேனாவைக் கொடுத்தபோது, “தங்கள் அன்பளிப்பை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன், ஆசிரியரே” என்றார். எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பஸ்காரர் கையில் விமானச் சீட்டு. மே பதினேழு. மகன், மருமகள், ஒரு வயதுப் பேரன், இவர் — நால்வரும் சம்பந்தி அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். இரண்டு வாரம். சீட்டைக் கண்ணாடிக் கதவில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். சுற்றறிக்கை கைதட்டினார். நானும் தட்டினேன்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அந்த அம்மாவுக்குத் தேசிய மொழி தெரியாது.

இன்றைக்குத் தெரிந்துகொண்ட விஷயம் இல்லை இது. முதல் நாளே எனக்குத் தெரியும். சேர வந்த அன்றைக்கே கைப்பேசியில் கல்யாண வீடியோவைக் காட்டினார். சம்பந்தி அம்மா தூரத்திலிருந்து வாழ்த்துச் சொல்லி அனுப்பியது. “என்ன சொல்றாங்க?” என்று இந்த ஊர் மொழியில் கேட்டார். அவர் பேசியது எங்கள் மொழி. எங்கள் என்றால் — என் வீட்டு மொழி. என் அம்மாவின் மொழி. நாட்டின் ஒரு மூலையில் பேசுவது, பையிலும் பேனாவிலும் இல்லாதது. “நூறு வருஷம் நல்லா இருங்கன்னு சொல்றாங்க” என்று பெயர்த்துச் சொன்னேன். சுற்றறிக்கை பக்கத்து அறையில்தான் இருந்தார். பத்துப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு தொடங்கலாம் என்று விதி. பஸ்காரர் பத்தாவது ஆள்.

‘ஐயா, இது வேற மொழி’ என்று சொன்னால், ‘உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?’ என்று அடுத்த கேள்வி வரும். என் விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற இடத்தில் தேசிய மொழி என்றுதான் எழுதியிருக்கிறேன். அது இல்லாமல் இந்த வேலை இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். எல்லோரையும் போல ஒரு மாதத்தில் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் நிற்கவில்லை. நான் என்ன செய்ய?

என்ன செய்ய என்று யாரைக் கேட்கிறேன்? இருநூறு வகுப்பு. இருநூறு தடவை சொல்லியிருக்கலாம்.

மார்ச் 12, புதன்

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. இரண்டு தடவை தப்பான பஸ்ஸில் ஏறினேன்.

மார்ச் 14, வெள்ளி

இவளிடம் சொன்னேன். இவளுக்குத் தேசிய மொழிதான் தாய்மொழி. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டோம், அந்த மொழியில்தான். இன்று அதே மொழியில் திட்டு வாங்கினேன்.

“ரெண்டரை வருஷமா? அந்த மனுஷனையா? உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா?”

“வந்துச்சு” என்றேன். அதுதான் உண்மை.

“போய்ச் சொல்லிடுங்க.”

“சொன்னா மேடம் காதுக்குப் போகும். மேடம் காதுக்குப் போனா இயக்குநர் காதுக்குப் போகும். சின்னவ படிப்பு?”

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை.

ஒரு யோசனை. இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. சொல்லாமலே சரி செய்துவிட முடியாதா?

மார்ச் 15, சனி

பஸ்காரர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே பஸ் டெப்போ. ஓய்வு பெற்ற பிறகும் வண்டி நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். ஐந்து நிமிடம் தாமதித்தால் ஜன்னல் வழியாகவே கத்துவாராம்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய்யைச் சொன்னேன். “ஐயா, இதுவரை படிச்சது மேடைப் பேச்சு. ஆபீசுக்கு, மேடைக்கு எல்லாம் அதுதான். வீட்டுக்குள்ள பேசறது கொஞ்சம் வேற மாதிரி. இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுப் பேச்சு.”

மகிழ்ச்சியில் மனுஷர் தேநீரைக் கொட்டிவிட்டார். முதல் பாடம் தொடங்கினேன். வா, உட்கார், சாப்பிடு. எழுதி எழுதிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆசிரியரே, ஒரு சொல்கூட ஒத்துப்போகவில்லையே?”

“ஆமாங்க. எங்க நாட்ல அப்படித்தான்.”

சே. என்ன ஜென்மம் நான்.

மார்ச் 22, சனி

இரண்டாவது வகுப்பு. எனக்கே ஒரு கஷ்டம் இருப்பது இன்றுதான் தெரிந்தது. எங்கள் மொழியை எனக்கு எழுதத் தெரியாது. ஒன்பது வயதில் தேசிய மொழிப் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே வீட்டு மொழி பேசினால் அன்று விளையாட்டு கிடையாது. விளையாட்டு எனக்கு உயிர். அந்த வயதில் அம்மாவை விடப் பந்து பெரிது. மூன்று மாதத்தில் கனவுகூட மாறிவிட்டது.

இப்போது வாரம் ஒரு தடவை அக்காவோடு போனில் பேசுகிறேன். பேசுவது அக்கா. நான் உம் கொட்டுவேன். அதுவும் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு. சின்னவள் அதற்கு ‘அப்பாவோட போன் பாஷை’ என்று பெயர் வைத்திருக்கிறாள். அது என்ன பாஷை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் வைத்துக்கொள்ளவில்லை.

அதனால் பாடப்புத்தகமும் இல்லை, எழுத்தும் இல்லை. ஞாபகத்தில் இருப்பதைத் தோண்டி எடுக்கிறேன். கை கழுவியாச்சா. சூடா இருக்கு, ஊதிக் குடிங்க. மெதுவா. பசிக்குதா. பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன். தூக்கம் வருதா. இன்னும் ஒரு வாய். வீட்டில் பேசுவது வேறென்ன? எல்லாம் அன்றாடம் உதவும். மரியாதையாகப் பேச மட்டும் பார்த்துப் பார்த்து மாற்றிக் கொடுக்கிறேன். அவர் தன் எழுத்தில் குறித்துக்கொண்டு, டெப்போவைப் பார்த்தபடி முணுமுணுக்கிறார்.

ஒரு தடவை மிகச் சரியாகச் சொன்னார். “ஊதிக் குடிங்க.” எழுந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 29, சனி

மூன்றாவது. எண்பது வாக்கியம் சேர்ந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது விசில் அடித்தேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

வகுப்பில் புது மாணவி ஒருத்தி கேட்டாள்: “உங்கள் நாட்டில் எல்லோரும் இந்த மொழிதான் பேசுகிறார்களா?” சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கையால் காட்டினேன். ‘ஒரு நாடு, ஒரு குரல்’. தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டாள்.

பஸ்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

நியாயமாகச் சொல்ல வேண்டும். தேசிய மொழி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. விடுதியில் எட்டுத் திசையிலிருந்து வந்த பையன்கள் நாங்கள், அது இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியிருப்போம். மனைவி, வேலை, இந்த நோட்டு, எல்லாம் அது கொடுத்தது. அதை வெளிநாட்டுக்காரர் வாயில் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். யாரும் என்னிடம் வந்து ‘உன் அம்மா மொழியை மறை’ என்று சொன்னதில்லை. ஒரு படிவம் கேட்டது. நான் எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது.

ஏப்ரல் 19, சனி

மொழி நாள் உரை ஒத்திகை. சுற்றறிக்கை எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தைப் பஸ்காரர் ஒரு பிசிறில்லாமல் சொன்னார். “இந்த மொழியே எனக்கும் என் சம்பந்தி குடும்பத்துக்கும் பாலம்” என்று ஒரு வரி. அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு இருமல் வருகிறது.

“சார், தண்ணி குடிங்க” என்றார் சுற்றறிக்கை.

ஏப்ரல் 26, சனி

நடந்தது நடந்துவிட்டது. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது.

நகர நூலகத்தின் அரங்கு. முன்வரிசையில் இயக்குநர், தூதரக ஆட்கள். பின்வரிசையில் இந்த ஊரில் வேலை பார்க்கும் எங்கள் நாட்டுக்காரர்கள் ஐம்பது பேர். எல்லோர் மடியிலும் ஒரு பை. பஸ்காரர் கோட்டு போட்டு, தலையைப் படிய வாரி, உரையைச் சொல்லி முடித்தார். நல்ல கைதட்டல். இயக்குநர் பொன்னாடை மாதிரி ஒரு துணியைப் போர்த்த மேடைப் படி ஏறினார்.

அப்போதுதான் இவர் ஒலிவாங்கியை விடாமல் பிடித்துக்கொண்டு, “என் ஆசிரியர் எனக்கு வீட்டுப் பேச்சும் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்லும் வகையில் நம் விருந்தினரை அதிலேயே வரவேற்கிறேன்” என்றார்.

எழுந்து ஓடலாமா என்று பார்த்தேன்.

இயக்குநரைப் பார்த்து, எங்கள் மொழியில், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “மெதுவா வாங்க, விழுந்துடாதீங்க. பசிக்குதா? பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்.”

முன்வரிசை கப்சிப். பின்வரிசையில் ஏழெட்டுப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் எங்கள் மொழிக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்! மூன்று வருடமாக அவர்களோடு தேசிய மொழியில் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர்களும் எனக்கு அதிலேயே சொன்னார்கள். கேலியா, சந்தோஷமா, எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஓர் அம்மா முகத்தைப் பையால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

இயக்குநருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. சிரித்தபடியே தேசிய மொழியில் கேட்டார்: “அருமை. இது எந்த மொழி? யார் சொல்லிக் கொடுத்தது?”

பஸ்காரர் பெருமையாகக் கையை நீட்டினார். என்னை நோக்கி.

ஏப்ரல் 27, ஞாயிறு

சின்னவள் வீடியோவைப் பார்த்துவிட்டாள். யாரோ போட்டிருக்கிறார்கள். “அப்பா, இது உன் போன் பாஷை தானே? பஸ் தாத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கே?”

“ம்.”

“எனக்கு ஏன் சொல்லிக் கொடுக்கல?”

பால்கனிக்குப் போய்விட்டேன். கதவைச் சாத்தவும் இல்லை, திறந்து வைக்கவும் இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

நேராகப் பஸ்காரர் வீட்டுக்குப் போனேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? தேசிய மொழியில் தொடங்கி, நாக்கு குழறி, இந்த ஊர் மொழியிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவரும் தன் மொழியில்தான் பேசினார். பாடப்புத்தகம் போய், முதல் தடவையாக அந்த ஆளின் நிஜக் குரல் கேட்டது.

“அது வேற மொழின்னு எனக்கு ரெண்டாவது சனிக்கிழமையே தெரியும் வாத்தியாரே. முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டினவன். டிக்கெட் எடுக்காத ஆளு எவன்னு கண்ணாடியில பார்த்தாலே சொல்லிடுவேன். நீங்க வெக்கப்படறீங்கன்னு பேசாம இருந்தேன். மேடையில சொன்னா சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன்.”

“எனக்கு முதல் நாளே தெரியும்ங்க. அந்த வீடியோ பார்த்தப்பவே.”

அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் தொங்கிப்போய்விட்டது. கொஞ்ச நேரம் டெப்போவைப் பார்த்தார். ஒரு வண்டி தாமதமாகக் கிளம்பியது, அதற்கும் கத்தவில்லை.

“ரெண்டரை வருஷம்” என்றார். “எனக்கு அறுபத்தேழு வயசு. எனக்கு ரெண்டரை வருஷம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? போயிட்டு வாங்க.”

கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சத்தமே இல்லாமல் சாத்தினார்.

ஏப்ரல் 30, புதன்

விளக்கக் கடிதம் கேட்டு உத்தரவு. அங்கீகரிக்கப்படாத மொழியை மையத்தின் பெயரால் கற்பித்தது ஏன்? ஏழு நாளுக்குள் பதில்.

சுற்றறிக்கை கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, மனுஷியாகப் பேசினார். நான் எதிர்பார்க்கவில்லை.

“சார், ரொம்ப யோசிக்காதீங்க. மருமகள் போன்ல சொல்லிக் கொடுத்தது, எனக்குச் சம்பந்தமில்லன்னு நாலு வரி எழுதுங்க. வயசான மனுஷன் குழம்பிட்டார்னு நான் குறிப்பு வைக்கிறேன். கோப்பு மூடிடும். உங்க பொண்ணு படிக்கணும்ல?”

நாலு வரி. ஒன்றும் கஷ்டமில்லை. எழுதியும் விட்டேன், பையில்தான் இருக்கிறது.

மே 1, வியாழன்

இவளிடம் காட்டினேன். படித்தாள். “கொடுத்துடுங்க” என்றாள். அப்புறம், “குழம்பிட்டாரா? அவரா?” என்றாள்.

“உன்கிட்ட யோசனைதான் கேட்டேன்.”

“என்ன யோசனை சொல்ல? பொண்ணு படிப்பு போனா எனக்கு வயிறு எரியும். இதைக் கொடுத்தீங்கன்னா உங்க மூஞ்சியைப் பார்க்கவும் பிடிக்காது. எனக்கு ரெண்டும் வேணும், ரெண்டும் கிடைக்காது, போதுமா?” அழுதாள். “உங்க மொழி வேணாம்னு நான் எப்பவாவது சொன்னேனா? அந்தக் கதவை நீங்கதானே சாத்தினீங்க?”

நான்தான்.

மே 2, வெள்ளி

கொடுக்கலாம். கொடுக்க வேண்டாம். கொடுத்தால் என்ன? அந்த ஆள்தான் கதவைச் சாத்திவிட்டாரே, அவருக்கு என்ன நஷ்டம்?

இரண்டு தடவை சுற்றறிக்கை அறை வாசல் வரை போய்விட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவன் மாதிரித் திரும்பினேன். கீழே பல் மருத்துவர் ஓயாமல் துளைபோட்டுக்கொண்டிருந்தார்.

மே 3, சனி

காலை ஒன்பது மணிக்கு அழைப்புமணி. வாசலில் பஸ்காரர். கையில் குறிப்பு நோட்டு. உள்ளே வந்து, கேட்காமலே மேசையில் உட்கார்ந்தார்.

“உங்க மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். ரெண்டு வாரம்தான் பாக்கி. வேலையைப் பாருங்க.”

என் வீட்டில், கதவு திறந்திருக்க, முதல் தடவையாக எங்கள் மொழியை வாய்விட்டுப் பேசினேன். சின்னவள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலிலேயே நின்று கேட்டாள். உள்ளே வா என்று கூப்பிடலாமா? கூப்பிடவில்லை.

போகும்போது பஸ்காரரிடம் அந்த நாலு வரியைப் பற்றிச் சொன்னேன். தோளைக் குலுக்கினார். “என்னைப் பைத்தியம்னு எழுதினா உங்க பொண்ணு படிப்பா. எழுதுங்க. எனக்கென்ன, என் வயசுல யாரு என்னை வேலைக்கு எடுக்கப் போறாங்க?” கிண்டல் இல்லை. உண்மையாகவே சொன்னார்.

அதற்கப்புறம் அதை எப்படிக் கொடுப்பது?

மே 6, செவ்வாய்

புதிய கடிதம் கொடுத்தேன். ‘கற்பித்தது நான். அது என் தாய்மொழி. என் விண்ணப்பத்தில் தவறாக எழுதியிருக்கிறேன். மாணவர் தெளிவாகத்தான் இருக்கிறார். அவருக்குத் தேவையான மொழி எது என்பதை முதல் நாளே அறிந்தும் சொல்லாமல் இருந்ததே என் தவறு.’

சுற்றறிக்கை படித்துவிட்டு இரண்டாம் தடவையும் படித்தார். “ஏன் சார் இப்படி?” என்றார். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

மே 16, வெள்ளி

பதில் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் ஓர் அரசாங்கக் காகிதம் வந்து நான் பார்த்ததில்லை. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ‘தங்கள் சேவைக்கு நன்றி’. மையத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும் மொழி நாள் வீடியோவைப் பார்த்தேன். பஸ்காரர் “பாலம்” என்று சொல்லும் இடத்தோடு கைதட்டல் வந்து முடிந்துவிடுகிறது.

சின்னவளிடம் சொன்னேன். “என் ஃப்ரெண்ட்ஸ்?” என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. அறைக்குள் போனவள் சாப்பிட வரவில்லை. நல்லது செய்தேன் என்று மார்தட்டிக்கொள்ள வழியில்லை. என் பொய்க்கும் அவள்தான் அனுபவிக்கிறாள், என் உண்மைக்கும் அவள்தான்.

மே 17, சனி

அவர் கிளம்பிவிட்டார். நூற்றுப்பதினோரு வாக்கியம். போதுமா? விமான நிலையத்திலிருந்து செய்தி: ‘பயப்படாதீங்க’.

மே 18, ஞாயிறு

தகவல் இல்லை.

மே 19, திங்கள்

இல்லை. அந்த அம்மா சிரித்திருப்பாரோ? அந்தப் பின்வரிசை ஆட்கள் மாதிரி? தப்புத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேனோ? புத்தகங்களைப் பெட்டியில் அடுக்குவதும் எடுப்பதுமாக இருக்கிறேன். “ஒரு இடத்துல உக்காருங்களேன்” என்கிறாள் இவள்.

மே 21, புதன்

மாலை ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. திரையில் பஸ்காரர், வெயிலில் சிவந்துபோய். மடியில் பேரன். பேச ஆரம்பிப்பதற்குள் ஒரு கை வந்து கைப்பேசியைப் பிடுங்கியது. சம்பந்தி அம்மா. எழுபது வயது இருக்கும், நரைத்த தலை, ஒரு பக்கப் பல் இல்லை. எங்கள் மொழியில் படபடவென்று பொரிந்தார்.

“நீங்கதான் வாத்தியாரா? ஐயோ தம்பி, என்னத்தைச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கீங்க! வந்து இறங்கினதுல இருந்து இந்த மனுஷன் என்னை விடமாட்டேங்கறார். டம்ளரை எடுத்தா ‘சூடா இருக்கு, ஊதிக் குடிங்க’ங்கறார். மாடிப்படி இறங்கினா ‘மெதுவா, விழுந்துடாதீங்க’. கை கழுவியாச்சாங்கறார். பேசிட்டிருக்கும்போதே ‘தூக்கம் வருதா’ங்கறார். நேத்து மருமகன் கூட எதுக்கோ சத்தம் போட்டுட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல வந்து, ‘அழாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்’ங்கறார். வீடே சிரிச்சு உருண்டுது. பச்சைப் புள்ளைகிட்டப் பேசற பேச்சுல்ல இது? யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க நீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொழி நாளில் பின்வரிசை ஏன் சிரித்தது என்பதும்.

ஒன்பது வயது வரைக்கும் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறேன். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. போனில் பேசும் அக்காவுக்கும் நான் இன்னும் ஒன்பது வயதுத் தம்பிதான். என் தாய்மொழியில் பெரியவர்கள் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. நாற்பத்தெட்டு வயதில் இதைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

“அம்மாகிட்டங்க” என்றேன். “எங்க அம்மா எங்கிட்டப் பேசினது. மன்னிச்சுக்குங்கம்மா. எனக்கு அவ்வளவுதான் தெரியும். அவரை உக்காரச் சொல்லுங்க, இப்பவே திருத்திச் சொல்லித் தர்றேன்.”

அந்த அம்மா சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். பின்னால் பஸ்காரர் என்ன ஆச்சு என்று ஒன்றும் புரியாமல் எட்டிப் பார்த்தார். என் பக்கத்தில், ஐந்து நாளாக என்னோடு பேசாத சின்னவள் எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. “என்ன சொல்றாங்க?” என்று காதோரம் கேட்டாள்.

“வேணாம் தம்பி” என்றார் சம்பந்தி அம்மா. “திருத்திடாதீங்க. எங்கிட்ட இப்படிப் பேசின ஆளு போயி அம்பது வருஷம் ஆச்சு.”

அதை என் மகளுக்கு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.